தஞ்சாவூரின் இரண்டு விமானங்கள்

தஞ்சாவூரில் ‘விமானம்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஆயிரம் ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. இன்னொன்று, சத்தம் கேட்டு நாம் தலையைத் தூக்குவதற்குள் ஊரைத் தாண்டிப் போயிருக்கும்.

முதல் விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ராஜராஜ சோழன் 1010ல் கட்டி முடித்த பெரிய கோயிலின் விமானம். உயரம் 216 அடி. இரண்டாவதைப் பார்க்க டிக்கெட் கிடையாது, தரிசன நேரமும் கிடையாது. புதுக்கோட்டை சாலையில் போனால் நீண்ட மதில் வரும். அதற்கு அந்தப் பக்கம் இருப்பது விமானப்படைத் தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இங்கே ஓடுதளம் இருந்தது. பிறகு பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்தது. முழு அளவிலான தளமாக 2013 மே 27 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே.அந்தோணி இதைத் திறந்து வைத்தார். 2020 ஜனவரி 20 அன்று, ‘டைகர்ஷார்க்ஸ்’ என்று பெயர் கொண்ட 222வது ஸ்குவாட்ரன் சுகோய்-30 போர் விமானங்களோடு இங்கே வந்து சேர்ந்தது.

நாலாபுறமும் நெல் வயல். நடுவில் சுகோய். எதற்கு இங்கே? கடலுக்காகத்தான். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்குப் பேருந்தில் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுகோய்க்கு அது சில நிமிடம். இந்த விமானத்தின் வயிற்றில் ஒரே ஒரு பிரமோஸ் ஏவுகணையைத் தொங்கவிடலாம். எடை 2.5 டன். வேகம், ஒலியைப் போல 2.8 மடங்கு. சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் போகும் கப்பலை அது தாக்கும். விமானத்திலிருந்து முதன்முதலாக இதை ஏவிப் பார்த்தது 2017 நவம்பர் 22 அன்று, நம் வங்காள விரிகுடாவில்தான்.

இதையெல்லாம் கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், கப்பலில் இருப்பவர்களின் இடத்திலிருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். இதே போன்ற ஏவுகணை எதிரியிடமும் இருந்தால்? நடுக்கடலில் முந்நூறு பேருக்கு மேல் இருக்கும் ஒரு போர்க்கப்பல் எப்படித் தப்பிக்கும்? அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கட்டப்பட்டவைதான் இன்றைய வான்பாதுகாப்புப் போர்க்கப்பல்கள். அவற்றைப் புரிந்துகொள்ள டெல்டாவை விட நல்ல இடம் கிடைக்காது. காரணம், இந்த மண்ணின் தட்டையான முகம்.

தஞ்சாவூரிலிருந்து காரைக்கால் போகும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும். தை கழிந்து, சம்பா அறுவடை முடிந்த நாட்கள் என்றால் உத்தமம். வயலில் நெல் இருக்காது. அறுப்புக்கு முன்பே தூவிவிட்ட உளுந்தும் பயறும் அடித்தாளுக்கு நடுவே தலை காட்டிக்கொண்டிருக்கும். சாலியமங்கலம், அம்மாப்பேட்டை, கரிகாலன் போரில் வென்ற கோயில்வெண்ணி, நீடாமங்கலம், கொரடாச்சேரி... எங்கேயும் ஒரு மேடு கிடையாது. வெண்ணாறும் வெட்டாறும் கூட அவசரமில்லாமல்தான் போகின்றன. இந்தச் சமவெளியில் ஓர் ஊர் நெருங்குகிறது என்பதை முதலில் சொல்வது வீடுகள் அல்ல, கோபுரம். அதிலும் முதலில் தெரிவது கலசம். பிறகு மேல்நிலை. கிட்டே போகப் போகத்தான் அடிவாசல்.

இதில் ஒளிந்திருப்பது பூமியின் வளைவு. ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் பார்க்கலாம் என்று வரும். பெரிய கோயில் விமானம் 66 மீட்டர். அதற்கு 29 கிலோமீட்டர். தரையில் நிற்கும் நம் கண் ஒன்றரை மீட்டர் உயரம், அதற்கு நாலரை. இரண்டையும் கூட்டினால் 33 கிலோமீட்டர் சொச்சம். அதாவது தென்னந்தோப்பும் மாடி வீடும் குறுக்கே இல்லாவிட்டால், நீடாமங்கலம் பக்கத்து வயலில் நின்று தஞ்சாவூர்க் கலசத்தைப் பார்க்கலாம். அதற்கு அப்பால் போய்விட்டால் எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் பயனில்லை. பூமியே மறைத்துவிடும்.

திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல் தாண்டினால் நாகப்பட்டினம். ஸ்ரீவிஜய மன்னன் ராஜராஜன் காலத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய துறைமுகம் இது. 1025ல் ராஜேந்திரன் கடாரத்தின் மீது கப்பல்களை அனுப்பிய செய்தி தஞ்சாவூர்க் கோயில் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெருமையைப் பாடத்தில் படித்தாகிவிட்டது. இப்போது அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுகத்துக்குப் போவோம்.

விசைப்படகுகள் கிழக்கே கிளம்பும்போது கரை கொஞ்சம் கொஞ்சமாக முங்கும். மணல் முதலில் போகும். பிறகு வீடுகள், பிறகு பனை. நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி, அதாவது 40 மீட்டர். மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன் கட்டிக் கொடுத்தது. நம் கணக்குப்படி, படகில் இருப்பவர் கண்ணுக்கு அது ஏறக்குறைய 27 கிலோமீட்டர் வரை தெரிய வேண்டும். காற்று தெளிவாக இருந்தால் கரையில் கடைசியாகக் கண்ணை விட்டு மறைபவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

போர்க்கப்பலின் ரேடாருக்கும் இதே விதிதான். ரேடார் அலை கொஞ்சம் வளைந்து போகும் என்பதால் 3.57க்குப் பதில் 4.12 என்று வைத்துக்கொள்ளலாம்; அவ்வளவுதான் சலுகை. ரேடார் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரி ஏவுகணை அலைகளை உரசுவது போல 5 மீட்டர் உயரத்தில் வருகிறது. கணக்குப் போட்டால் 30 கிலோமீட்டரில்தான் அது ரேடார் கண்ணில் முதன்முதலாகப் படும். அதற்கு முன் அது தொடுவானத்துக்குக் கீழே ஒளிந்துகொண்டிருக்கிறது. ஒலியைப் போல 2.8 மடங்கு என்றால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்.

அப்படியானால், பார்த்ததிலிருந்து கப்பலில் மோதும் வரை முப்பது வினாடி.

சரி, ரேடாரை இன்னும் உயரத்தில் வைக்கலாமே? பெரிய கோயில் விமானத்தின் கலசத்திலேயே கொண்டுபோய் வைத்ததாக வைத்துக்கொள்வோம். 30 கிலோமீட்டர் என்பது 43 கிலோமீட்டர் ஆகும். கிடைப்பது கூடுதலாகப் பதின்மூன்று வினாடி! அந்த உயரமும் எடையும் மேலே ஏறினால் கப்பல் முதல் பெரிய அலையிலேயே சாய்ந்துவிடும். கல் கோயிலுக்குக் கீழே பூமி இருக்கிறது, கப்பலுக்குக் கீழே தண்ணீர்தான் இருக்கிறது.

எச்சரிக்கை நேரம் என்றால் என்ன என்பதை நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. சுமத்ராவில் நிலம் நடுங்கிச் சுமார் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அலை இங்கே வந்தது. நேரம் இருந்தது. சொல்லத்தான் ஆள் இல்லை. அதன் பிறகுதான் 2007ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. ‘ஆபரேஷன் மதத்’ என்ற பெயரில் அன்று இந்தக் கரைக்கு நிவாரணத்தோடு வந்தவையும் கடற்படைக் கப்பல்கள்தான்.

கப்பல்களுக்கும் அப்படி ஒரு கறுப்பு நாள் உண்டு. 1982 மே 4, ஃபாக்லாந்து போர். பிரிட்டனின் ‘ஷெஃபீல்ட்’ சாதாரணக் கப்பல் அல்ல. வான்தாக்குதலிலிருந்து மற்றக் கப்பல்களைக் காப்பதற்கென்றே கட்டப்பட்டது. அர்ஜென்டினாவின் இரண்டு விமானங்கள் தாழப் பறந்து வந்து ‘எக்சோசே’ ஏவுகணைகளை விட்டன. அது ஒலியை விட மெதுவாகப் போகும் ஏவுகணை; இன்றைய கணக்கில் மாட்டுவண்டி. ஆனாலும் ஷெஃபீல்ட் ஒரு ஏவுகணையைக் கூடத் திருப்பி விடவில்லை. அந்த நேரத்தில் கப்பல் செயற்கைக்கோள் தொடர்பில் இருந்ததால், எதிரி ரேடாரை மோப்பம் பிடிக்கும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. இருபது பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து, இழுத்துச் செல்லும் வழியில் கப்பல் மூழ்கியது. காவலாளியின் வீட்டிலேயே திருட்டு என்பார்களே, அப்படி. அதன் பிறகு உலகத்தில் போர்க்கப்பல் வடிவமைப்பவர்கள் எல்லோருக்கும் அந்தச் சில வினாடிகள்தான் பரீட்சைக் கேள்வி ஆனது.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பல் அந்தப் பரீட்சையை எப்படி எழுதுகிறது? ஐ.என்.எஸ். சென்னை. மும்பை மசகான் கப்பல்கட்டும் தளத்தில் உருவாகி, 2016 நவம்பர் 21 அன்று கடற்படையில் சேர்ந்தது. கொல்கத்தா வகையின் மூன்றாவது, கடைசிக் கப்பல். நீளம் 160 மீட்டருக்கு மேல். பெரிய கோயில் விமானத்தைப் படுக்க வைத்தால் இரண்டரை மடங்கு. எடை சுமார் 7,500 டன்.

இதன் மேல்தளத்தில் பெரிய ஆயுதங்கள் அதிகம் கண்ணில் படாது. ஏமாற்றமாகக் கூட இருக்கும். விஷயம் தளத்துக்கு அடியில் இருக்கிறது. செங்குத்தான குழிகளில், மூடி போட்டு, 32 ‘பராக்-8’ ஏவுகணைகள். இந்தியாவின் டி.ஆர்.டி.ஓ.வும் இஸ்ரேலும் சேர்ந்து உருவாக்கியவை. பழைய கப்பல்களில் ஏவுகணையைத் தாங்கும் மேடை எதிரி வரும் திசைக்குத் திரும்பி, குறி பார்த்து, பிறகு ஏவ வேண்டும். அந்தத் திரும்பும் நேரமே உயிர். பராக் நேராக மேலே எழும்பி, காற்றிலேயே வளைந்து திசை பிடிக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே வேகம். வழியில் கப்பல் புதுத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். கடைசிக் கட்டத்தில் அதன் மூக்கில் இருக்கும் ரேடாரே இரையைத் தேடிக்கொள்ளும்.

முப்பது வினாடியைச் செலவு செய்து பார்ப்போம். பார்த்தது எதிரிதானா, பறவைக் கூட்டமா, நம் விமானமா என்று தீர்மானித்து ஏவுவதற்குப் பத்து வினாடி போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி 20 கிலோமீட்டருக்கு வந்துவிட்டான். நம் ஏவுகணை சராசரியாக வினாடிக்கு 600 மீட்டர் போனால், இரண்டும் சந்திக்க இன்னொரு பதின்மூன்று வினாடி. சந்திக்கும் இடம் கப்பலிலிருந்து எட்டு கிலோமீட்டர். குறி தவறினால் மிச்சம் எட்டு வினாடி. அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக ஏவுவது வழக்கம். அதையும் மீறி வந்தால் நான்கு ஏ.கே.-630 பீரங்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆறு குழல்கள். நிமிடத்துக்கு நான்காயிரத்துக்கும் மேல் குண்டுகள். கூடவே, ஏவுகணையைத் திசை திருப்ப உலோகம் பூசிய இழைகளை மேகம் போல வானில் தூவும் ஏற்பாடும் உண்டு.

இவ்வளவும் நடக்கும்போது, முடிவெடுப்பவர்கள் கப்பலின் உள்ளே, ஜன்னல் இல்லாத அறையில், திரைக்கு முன் உட்கார்ந்திருப்பார்கள். கடலையோ வானத்தையோ அவர்கள் பார்ப்பதில்லை. ஒரு நாள் கூட நிஜத் தாக்குதல் வராமல் முழுப் பணிக்காலமும் முடிந்துபோகலாம். ஆனால், வந்தால் முப்பது வினாடிதான் என்பது தெரிந்தே ஒவ்வொரு முறை மாறும்போதும் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

பதின்மூன்று வினாடிக்குக் கோயில் உயரம் போதாது என்று பார்த்தோம் அல்லவா? கடற்படை வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. கொடிமரத்தை வானத்திலேயே நட்டுவிடுவது! ‘காமோவ்-31’ என்ற ஹெலிகாப்டர், பறக்கத் தொடங்கிய பிறகு வயிற்றுக்கு அடியில் பலகை போன்ற ரேடாரை விரித்துச் சுழற்றும். 3,000 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் 230 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். வினாடிகள் நிமிடங்களாகும். ஆனால், ஹெலிகாப்டர் எப்போதும் மேலேயே இருக்க முடியாது.

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே, வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாக உப்பளங்களைக் கடந்து போனால் கோடியக்கரை. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் பேருந்திலிருந்து இறங்கியதும் பூங்குழலியைத் தேடுவார்கள். அவளுடைய அப்பா காவல் காத்த கலங்கரை விளக்கம் கதையில் மட்டும் இருந்ததல்ல. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட ஒரு பழைய கோபுரத்தின் மிச்சம் இங்கே இருந்தது. அதையும் சுனாமி சிதைத்துவிட்டது. இப்போது வேலை செய்வது 45 மீட்டர் உயரக் கான்கிரீட் விளக்கம்.

பொழுது சாய்ந்த பிறகு அந்த ஒளி சுற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். நம் மேல் பட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும் வரை நாம் இருட்டில். பழைய போர்க்கப்பல் ரேடாரும் இப்படித்தான் சுற்றியது. ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி என்றாலும், ஒளி திரும்பி வருவதற்குள் இன்றைய ஏவுகணை ஐந்து கிலோமீட்டர் நெருங்கியிருக்கும். ஐ.என்.எஸ். சென்னையில் ‘எம்.எஃப்.-ஸ்டார்’ என்ற ரேடார். அது சுற்றுவதே இல்லை. கொடிமரத்தின் நாலு பக்கமும் நாலு பலகைகள், நம் ஊர்ப் பிரம்மா சிலை மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு கால்பகுதி வானத்தை இமைக்காமல் பார்க்கும். கற்றையைத் திருப்புவது மோட்டார் அல்ல, மின்சாரம். அதனால் ஒரே நேரத்தில் பல திசைகளில் பல இலக்குகளை விடாமல் பிடித்து வைத்திருக்க முடியும்.

கோடியக்கரையிலிருந்து இலங்கைக் கரை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அங்கிருந்து இன்னும் தெற்கே, மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் ‘ஹெர்மஸ்’ கிடக்கிறது. பிரிட்டனின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அதைச் சூழ்ந்தபோது, விமானந்தாங்கியில் ஒரு விமானம் கூட இல்லை. சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் போனார்கள். கப்பல்களுக்கு வானம்தான் எமன் என்று நம் கடல் கற்ற பாடம் அது.

அடுத்த ஆண்டு, 1943ல், இந்தியக் கடற்படைக்காக ஸ்காட்லாந்தில் ஒரு கப்பல் தயாரானது. விமானங்களையும் சுடக்கூடிய ஆறு 4 அங்குலப் பீரங்கிகள் அதன் முக்கிய பலம். அந்தக் காலத்து வான்பாதுகாப்புக் கப்பல் என்றே சொல்லலாம். பெயர் ‘காவேரி’. தேசப் பிரிவினையின்போது அதன் சகோதரிக் கப்பல்களான ‘கோதாவரி’யும் ‘நர்மதா’வும் பாகிஸ்தானுக்குப் போய்விட்டன. கோதாவரியையும் நர்மதையையும் பார்த்தே இராத நாட்டுக்கு அந்தப் பெயர்கள் எதற்கு? அங்கே வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். காவேரி நம்மிடமே தங்கியது. 1961 டிசம்பரில் கோவா விடுதலையின்போது, பேத்வா, பியாஸ் ஆகிய கப்பல்களோடு மர்மகோவா துறைமுகத்துக்கு வெளியே நின்றது.

காவேரியின் பீரங்கிக்காரர்கள் வானத்தைக் கண்ணால் பார்த்தார்கள். வரும் விமானத்தின் சத்தம் காதில் விழுந்தது. ஒலியை முந்திக்கொண்டு வரும் ஏவுகணைக்கு அந்தச் சத்தமும் கிடையாது. தஞ்சாவூர் சுகோய் கூட ஓரளவு சொல்லிவிட்டுத்தான் போகிறது.

மர்மகோவா என்ற பெயரிலும் இப்போது ஒரு கப்பல் இருக்கிறது. கோவா விடுதலை நாளுக்கு முந்தைய நாள், 2022 டிசம்பர் 18 அன்று கடற்படையில் சேர்ந்தது. சென்னைக்கு அடுத்த தலைமுறையான விசாகப்பட்டினம் வகை. அதே வகையின் கடைசிக் கப்பலான ஐ.என்.எஸ். சூரத், 2025 ஏப்ரல் 24 அன்று அரபிக்கடலில், அலையை உரசி வந்த ஒரு சோதனை இலக்கை வானிலேயே அடித்துக் காட்டியது.

விமானப்படைத் தளத்துக்குள் நாம் போக முடியாது. ஆனால், டிசம்பர் 4 கடற்படை தினத்தை ஒட்டி, சில ஆண்டுகளில் சென்னைத் துறைமுகத்துக்கு வரும் போர்க்கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிப்பார்கள். அறிவிப்பு வந்தால் குழந்தைகளை அழைத்துப் போங்கள். எல்லோரும் பீரங்கி பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் நிமிர்ந்து கொடிமரத்தைப் பாருங்கள். சுற்றாத பலகைகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.